கைப்பேசி மாறினால் தமிழ் கூட வருமா?



அண்மையில் ஆசிரியர் அறையில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம் கேட்டார்: "சார், ஆண்ட்ராய்டு போன விட்டுட்டு ஐபோனுக்கு மாறலாம்னு இருக்கேன். நான் தட்டச்சு செஞ்சு வச்சிருக்கிற தமிழ்க் குறிப்பு, வினாத்தாள் எல்லாம் அங்க ஒழுங்கா தெரியுமா? இல்ல, கட்டம் கட்டமா ஆயிடுமா?"

"எழுத்து வந்துரும் டீச்சர், அதுக்குப் பயப்படாதீங்க. மத்தது வருமான்னுதான் பாக்கணும்" என்று சொன்னேன்.

பதில் சுருக்கமாக முடிந்துவிட்டது. ஆனால், "எழுத்து வந்துரும்" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறதே, அது எப்படி? அதற்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதி நம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்தது. நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எழுத்துக்கு வீடு இல்லாத காலம்

1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதே காலத்திலும் அதற்குப் பிறகும் பல நாடுகளில் பலர் தமிழ் மென்பொருள்களைச் செய்தார்கள். எல்லாமே நல்ல முயற்சிதான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தங்கள் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். ஒரு மென்பொருளில் 'க' என்று இருந்தது இன்னொன்றில் வேறு எழுத்தாகத் தெரியும். நண்பர் அனுப்பிய கட்டுரையைத் திறந்தால் குப்பை குப்பையாக வரும். "எந்த எழுத்துருல அடிச்சீங்க?" என்று தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்ட ஆசிரியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதைத் தீர்க்க முதலில் ஆட்களைக் கூட்டியவர்களில் ஒருவர் ஓர் ஆசிரியர்தான். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா.கோவிந்தசாமி, 'கணியன்' என்னும் தமிழ் முறையை உருவாக்கியவர். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்கு அவரே முன்னோடியாக நின்றார். 1999இல் சென்னையில் இரண்டாவது மாநாடு நடந்தது. 'தமிழ்99' விசைப்பலகை அதில்தான் உறுதியானது. அதே ஆண்டில் கோவிந்தசாமி மறைந்தார். 2000இல் மாநாடு மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தபோது 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001இல் கோலாலம்பூரில் கூடினார்கள்.

இதற்கிடையில், 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. 'இந்த ஒதுக்கீடு தமிழுக்குப் போதாது, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும்' என்று வாதிட்டவர்கள் பலர். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும், உலகத்து நிறுவனங்கள் எல்லாம் ஒருங்குறியை ஏற்றபோது, தமிழர்களும் மெல்ல மெல்ல அந்தப் பொதுமுறைக்கு வந்தார்கள். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது.

கைப்பேசிக்குள் தமிழ்

கணினியில் கொஞ்சம் தெளிவு வந்த நேரத்தில் கைப்பேசி வந்து நின்றது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டு போதும். அதனால் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட்டு வேண்டும், ஆக, 70தான். அதிலும் 'வணக்கம்' என்பதை நாம் ஐந்து எழுத்து என்போம். கருவியோ வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழாக எண்ணும். பல கருவிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆகவே நாமெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் இன்னும் நம் மாணவர்களை விட்டபாடில்லை!

2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. சாதாரணக் கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதும் வழி பொதுமக்களுக்குக் கிடைத்தது.

பிறகு திறன்பேசிகள் வந்தன. 2007இல் ஐபோன், 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கருவி. எந்தக் கருவிக்கு மாறுவது என்று யோசித்த தமிழர்களுக்கு அப்போது ஒரு கூடுதல் கேள்வி இருந்தது: 'இதுல தமிழ் தெரியுமா?' ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் தெரியாது. வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்துரு இருந்தாலும் 'பெ' என்பதில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். காரணம் எளிது. ஒருங்குறியில் முதலில் 'ப', பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறோம். அதை இடம் மாற்றிக் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. அந்த வேலையை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ்ச் செய்தி படிக்க ஓப்பரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகே இந்தத் தொல்லை குறையத் தொடங்கியது.

எழுதுவதில் கதை நேர்மாறு. ஆண்ட்ராய்டு 2009லேயே வெளியார் செய்த விசைப்பலகைகளை அனுமதித்தது. ஐபோனில் அது முடியவில்லை. ஒரு செயலிக்குள் தமிழில் எழுதி, நகலெடுத்து, இன்னொரு செயலியில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தன்னுள்ளேயே தந்தது. 'அஞ்சல்', 'தமிழ்99' இரண்டும் அதில் இருந்தன. 1999இல் சென்னையில் உறுதியான விசையமைப்பு, பதினான்கு ஆண்டுகள் கழித்து ஐபோனுக்குள் வந்து உட்கார்ந்தது. 2014இல் வெளியார் விசைப்பலகைகளுக்கும் ஐபோனில் இடம் கிடைத்தது.

இன்று இரண்டு தளத்திலும் ஒரே ஒருங்குறி, ஒரே விசையமைப்பு. அதனால்தான் அந்த ஆசிரியையிடம் என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது.

எண் வந்தது, உரையாடல் வரவில்லை

எழுத்தைப் போலவே இன்னொன்றும் நம்மோடு பயணம் செய்யக் கற்றுக்கொண்டது: நம் தொலைபேசி எண். ஒரு காலத்தில் தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றினால் எண்ணையும் இழக்க வேண்டும். 2008இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றலாம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மனமிரங்கிச் செய்ததல்ல. ஒழுங்குமுறை அமைப்புகள் செய்ய வைத்தன.

உரையாடல்களுக்கு அப்படி யாரும் பாடுபடவில்லை. கருவி மட்டுமல்ல, இயங்குதளமே மறைந்துபோன காலத்தை நாம் பார்த்தோம். 2011இல் நோக்கியா, சிம்பியனை விட்டு விண்டோஸ் போனுக்கு மாறப் போவதாக அறிவித்தது. அந்த விண்டோஸ் போனும் நிலைக்கவில்லை. பிளாக்பெர்ரியின் புகழ்பெற்ற உரையாடல் செயலி 2019 மே மாதத்தோடு பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. வாட்ஸ்அப் எனும் புலனம் 2017இல் சிம்பியனையும் பழைய பிளாக்பெர்ரியையும், 2019 இறுதியில் விண்டோஸ் போனையும் கைவிட்டது. அதே 2019இல் அமெரிக்கத் தடையால் ஹுவாவேயின் புதிய கருவிகள் கூகுள் சேவைகளை இழந்தன. அந்தக் கருவிக்குப் பழகியவர்கள் பலர், தாங்கள் கேட்காத ஒரு மாற்றத்தைச் சந்தித்தார்கள்.

புலனத்திலும் காப்புநகல் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குப் போகும். ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகும். ஒன்றை மற்றொன்று படிக்காது. ஐபோனிலிருந்து சில ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு உரையாடலை மாற்றும் அதிகாரபூர்வ வழி 2021இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வர 2022 ஜூன் ஆயிற்று.

எனக்கு நடந்தது

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் இருக்கும் பெரியவரிடம் பழைய தோட்ட வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள், அவர் பேசுவதைக் குரல்பதிவாக வகுப்புக் குழுவில் அனுப்புங்கள். பிள்ளைகள் அருமையாகச் செய்தார்கள். விடியற்காலைப் பெரட்டு, பால்மரம் வெட்டு, லயத்து வீடு, ஆயாக் கொட்டகை என்று பாட்டிகள் பேசிக்கொண்டே போனார்கள்.

அடுத்த ஆண்டு என் கைப்பேசி செத்துப்போனது. போட்டித் தளத்துக் கருவி ஒன்று வாங்கினேன். எண் வந்தது. தொடர்புகள் வந்தன. படங்கள் வந்தன. வகுப்புக் குழுவின் பழைய உரையாடல் மட்டும் வரவில்லை. "பழைய போன் உயிரோட இருந்தா ஏதாவது பாக்கலாம் சார்" என்றார் கடைத் தம்பி. அது உயிரோடு இல்லை. தவறு என்னுடையதுதான். பதிவுகளைத் தனியே எடுத்துவைக்க எனக்கு ஓராண்டு அவகாசம் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு தாயார் அழைத்தார். "சார், எங்க மாமியார் தவறிட்டாங்க. தம்பி அன்னைக்கு அனுப்பின பதிவு உங்ககிட்ட இருக்குமா? எங்க போன்ல இடம் இல்லன்னு அழிச்சிட்டோம்." இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் ஒன்று இருந்தது. மாதிரிக் கட்டுரைக்காக அந்தப் பாட்டி பேசியதில் அரைப் பக்கத்தைக் கேட்டுக் கேட்டு என் குறிப்புச் செயலியில் தட்டச்சு செய்திருந்தேன். அந்தத் தமிழ் ஓர் எழுத்துப் பிசகாமல் புதிய கருவிக்கு வந்திருந்தது. அதை அனுப்பிவைத்தேன். அச்சிட்டுப் பதினாறாம் நாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்களாம். குரல் போனது போனதுதான்.

நாம் செய்யக்கூடியது

எழுத்தைக் காப்பாற்றியது எந்த நிறுவனமும் தனியாக அல்ல. பலர் சண்டையிட்டு, விட்டுக்கொடுத்து, ஒரு பொதுமுறைக்கு வந்ததுதான். பொதுமுறையில் இருப்பது நம்மோடு வரும். ஒருவரின் பெட்டிக்குள் இருப்பது அவர் விட்டால்தான் வரும். இதை மனத்தில் வைத்து நான் இப்போது கடைப்பிடிப்பவை:

1. மாணவர் அனுப்பும் குரல்பதிவை அதே வாரத்தில் உரையாடலுக்கு வெளியே எடுத்து, ஆண்டு, வகுப்பு, தலைப்பு எழுதிக் கோப்பாகச் சேமிக்கிறேன், இரண்டு இடத்தில்.
2. முக்கியமான பதிவை எழுத்திலும் பெயர்த்து வைக்கிறேன். ஒருங்குறியில்தான், பழைய எழுத்துருவிலோ படமாகவோ அல்ல.
3. கருவி மாற்றும்போது புதியதில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும்வரை பழையதை அழிப்பதில்லை. உரையாடலை ஐபோனுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அது புதிதாகவோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டதாகவோ இருக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலேயே செய்துவிடுவது நல்லது.

வகுப்பில் இதை ஒரு நடவடிக்கையாகவும் செய்யலாம். வீட்டில் இதுவரை இருந்த கைப்பேசிகளை மாணவர்கள் பெற்றோரிடம் கேட்டு, காலவரிசையில் எழுதட்டும். ஒவ்வொரு முறை மாறியபோதும் எது வந்தது, எது வரவில்லை என்று இரண்டு பத்தியில் குறிக்கட்டும். 'வணக்கம்' என்ற சொல்லில் கருவி எண்ணும் ஏழையும் கரும்பலகையில் பிரித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் கட்டாயம் "தமிழ்ல அஞ்சுதானே சார்?" என்று கேட்பார்கள். வரலாற்றுப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

அந்த இளம் ஆசிரியை இன்னும் மாறவில்லை. முதலில் வகுப்புக் குழுவில் உள்ள பதிவுகளை எல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் ரெண்டு வகுப்பு பாக்கி சார்" என்றார் நேற்று.