எலியட் விவிலியமும் முகப்பேட்டில் இடம்பெறாப் பெயர்களும்

பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் விரிகுடாப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள், மறைநூலை ஒவ்வொருவரும் தம் மொழியில் தாமே படித்தறிதல் வேண்டும் என்னும் கொள்கையினர். அவர்களின் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் 1640இல் சங்கீதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. ஓசைநயத்தினும் மூலத்தோடு ஒத்திருத்தலே அதில் பெரிதெனக் கொள்ளப்பட்டது. அதன் கரடுமுரடான நடை இயலாமையால் விளைந்ததன்று, தெரிந்தே மேற்கொண்டது.

இக்கொள்கை மண்ணின் மக்களுடைய மொழிக்கும் நீட்டப்பட்டதன் விளைவே ஜான் எலியட்டின் பெயரால் வழங்கும் விவிலியம். ராக்ஸ்பரி சபையின் போதகரான எலியட், அல்கோன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மாசச்சூசெட் மொழியில் 1663இல் இதனை முழுமையாக வெளியிட்டார். அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் முழு விவிலியம் இதுவே. ஆயின் இதனை ஒருவர் பணியாகக் கருதுதல் பொருந்தாது. எலியட்டுக்கு அம்மொழியைக் கற்பித்தவர், பீக்குவாட் போரில் 1637இல் சிறைப்பட்டு ஆங்கிலேயர் வீட்டில் பணியாளராயிருந்த காக்கனோ. மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஜாப் நெசுட்டன். அச்சுக் கோத்தவர் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரின்டர். அவர் தொழிலே அவர் பெயராயிற்று. இம்மூவர் பெயரும் முகப்பேட்டில் இல்லை.

தெய்வத்தைக் குறிக்க அம்மொழியில் ‘மனிட்டோ’ என்னும் சொல் இருந்தும், மொழிபெயர்ப்பு பெரிதும் ‘காட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையே ஆண்டது. நூற்பெயரிலும் அதுவே நின்றது. வாசகர் மொழியில் மறைநூல் என்ற கொள்கை, வாசகர் மொழியை முழுமையாக நம்பத் துணியவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. 1666இல் வெளிவந்த எலியட்டின் இலக்கணமோ நுட்பமானது. பெயர்ச்சொற்கள் ஆண், பெண் என்றன்றி, உயிருள்ளவை, உயிரற்றவை எனப் பகுபடுவதை அது இனங்கண்டது. தமிழின் திணைப் பாகுபாட்டை அறிந்தார்க்கு இது புதிதன்று. எனினும் அங்கு விலங்குகள் மனிதரோடு ஒரே வகுப்பில் அடங்குகின்றன.

1675இல் மூண்ட போர் இம்முயற்சியைச் சிதைத்தது. கிறித்தவம் தழுவிய பழங்குடியினரையும் ஐயுற்ற குடியேறிகள், அவர்களைப் பாஸ்டன் துறைமுகத்திலுள்ள டீர் தீவில் அடைத்தனர். குளிராலும் பசியாலும் பலர் மாண்டனர். நெசுட்டன் போரில் இறந்தார். விவிலியப் படிகளும் பெருமளவில் அழிந்தன. 1685இல் நிறைவுற்ற இரண்டாம் பதிப்புக்குப் பிரின்டரே மீண்டும் அச்சுக் கோத்தார். பொருளுணர்ந்து பிழைதிருத்த வல்லவர் அவர் ஒருவரே என எலியட் கடிதத்தில் எழுதினார். 1709இல் அச்சான மாசச்சூசெட் சங்கீத நூலின் முகப்பேட்டில்தான் அச்சிட்டோருள் ஒருவராகப் பிரின்டரின் பெயர் இடம்பெற்றது.

இதற்கிடையே அம்மக்கள் அவ்வெழுத்தைத் தமதாக்கிக்கொண்டு, நிலப் பத்திரங்களையும் உயில்களையும் தம் மொழியில் எழுதலாயினர். பின்னர் அம்மொழி பேசுவோரற்றுப் போயிற்று. வாம்பனோவாக் இனத்தவரான ஜெசி லிட்டில் டோ பேர்ட் 1993இல் தொடங்கிவைத்த மொழி மீட்பு முயற்சிக்கு இவ்விவிலியமும் அப்பத்திரங்களுமே முதன்மைச் சான்றுகளாயின.