சவ்வாது மலையின் கல் வரலாறு

ஆலங்காயத்திலிருந்து காவலூர்ச் சாலையில் மலையேறுவோர்க்கு இருமருங்கும் நிற்கும் குன்றுகள் என்றும் உள்ளவையாகவே தோன்றும். அசையாமைக்கும் அழியாமைக்கும் மலையை உவமை கூறுவது தமிழ்க் கவிஞர் மரபு. நிலவியல் அறிஞர் காணும் மலை வேறு. சவ்வாது மலை போன்ற பழைய மலைகள் அவர்க்கு எழுந்த பொருள் அல்ல. தேய்ந்தபின் எஞ்சிய பொருள். தேய்ந்தது எவ்வளவு என்பதற்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பாறைக்குழம்பு இறுகிப் பிறந்த கற்களே முதன்மைச் சான்றுகளாகும்.

சவ்வாது மலைத்தொடரில் நைஸ் பாறைகளோடு சார்னோக்கைட் என்னும் கரும்பச்சைச் சாயலுடைய கல் மிகுதி. இப்பெயர்க்கு ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் யோபு சார்னாக்கு 1690களில் வங்காளத்தில் இறந்தார். கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் இட்ட கல் சென்னைப் பல்லாவரப் பகுதிக் கல்லை ஒத்திருப்பதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893இல் அக்கல்வகைக்கு அவர் பெயரையே சூட்டினார். தமிழ்நாட்டுக் கல்லுக்கு உலகம் வழங்கும் பெயர் இவ்வாறு ஒரு கல்லறையிலிருந்து வந்தது! பெயரைவிடப் பிறப்பே இங்குக் கருதத்தக்கது. வடதமிழகத்துச் சார்னோக்கைட் சற்றேறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழைமையுடையது. நிலத்தின் அடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருப்பெற்றது. அத்தகைய கல் இன்று மலைமுகட்டில் வெயில் காய்கிறது. அதன்மேல் இருந்த அத்தனை கனமும் கரைந்து போயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

ஆலங்காயத்திற்கு மேற்கே நிற்கும் ஏலகிரி மற்றொரு சான்று. அது அவிந்த எரிமலை என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் பாதியே உண்மை. ஏலகிரியின் சயனைட் பாறை குழம்பிலிருந்து பிறந்ததே. ஆயின் அக்குழம்பு நிலத்திற்கு மேல் வழிந்து இறுகியதன்று. மேலே வழியும் குழம்பு விரைந்து குளிர்வதால் அதன் மணிகள் கண்ணுக்குப் புலனாகா. ஏலகிரிக் கல்லிலோ மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. நிலத்தடியில் மெல்ல மெல்லக் குளிர்ந்ததன் அடையாளம் அது. எனவே ஏலகிரியை எரிமலை என்பதினும் அதன் வேர் எனல் பொருந்தும். அவ்வேரின்மேல் எரிமலை ஒன்று இருந்திருப்பினும் இன்று அதன் சுவடு இல்லை.

திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் இதனினும் வியப்பான கல் உண்டு. பார்வைக்குச் சலவைக்கல் போன்ற அந்தக் கார்பனடைட், உருகிய சுண்ணாம்புக் குழம்பிலிருந்து பிறந்தது. சுண்ணாம்பும் குழம்பாகுமோ என்னும் ஐயம் இயல்பே. தான்சானியாவின் ஒல்டோயின்யோ லெங்காய் மலையில் கார்பனேட்டுக் குழம்பு கருஞ்சேறு போல் வழிவதை 1960இல் டாசன் என்னும் அறிஞர் கண்டபின் அவ்வையம் நீங்கிற்று. செவ்வாத்தூர், ஏலகிரிக் கற்களின் வயது ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகள். அங்குத் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்த வெர்மிகுலைட், சூடேற்றினால் புழுவைப்போல் நெளிந்து நீளும். சிறுபுழு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் பெயர்க்கு மூலம். கவிஞர்கள் ஒருமுறையேனும் காணவேண்டிய காட்சி அது.

காவலூர் வான்நோக்கு நிலையத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை இங்கு நினைப்பதில் தவறில்லை. 75 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் ஒளி இன்றிரவு காவலூர் வந்தடையுமாயின், அது புறப்பட்ட காலத்தில் ஏலகிரிக் குழம்பு இறுகிக்கொண்டிருந்தது எனலாம்.

மேலே வழிந்த குழம்பு எஞ்சியிருக்கும் இடங்களில் வரலாறு இன்னும் தெளிவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் குழம்பு நீர்போல் பரவி, அடுக்கடுக்காகச் சமதளமாய்ப் படிந்தது. இன்றும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை அது மூடியுள்ளது. சமமாகப் படிந்தது பின்னர்ச் சாய்ந்து கிடப்பின், சாய்ந்தது நிலமே. மேற்குத் தொடரில் அவ்வடுக்குகள் செங்குத்தாக வெட்டுண்டு நிற்பது, அவற்றின் தொடர்ச்சி அரிக்கப்பட்டமைக்குச் சான்று.

உயரத்தையே அளக்கும் முறையும் ஒன்று உண்டு. குழம்பில் சிக்கிய வளியின் குமிழிகள் கல்லில் துளைகளாக நின்றுவிடுகின்றன. மேற்பரப்புக் குமிழியை அழுத்துவது காற்று மட்டுமே. அடிக்குமிழியைக் காற்றோடு குழம்பின் எடையும் அழுத்தும். உயர்ந்த இடத்தில் காற்றழுத்தம் குறைவாதலின், மேற்குமிழிக்கும் அடிக்குமிழிக்கும் உள்ள அளவு வேறுபாடு அங்குப் பெரிதாகும். இதனைக் கொண்டு குழம்பு இறுகிய நாளில் அந்நிலம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கணிக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலம் எழுந்த காலத்தை 2002இல் சகாகியன் குழுவினர் இவ்வாறு கணித்தனர். அவர் முடிவை ஏலாதாரும் உளர். தக்காணத்தில் பல துளைகளைப் பிற்காலத்துச் சியோலைட் மணிகள் அடைத்துவிட்டன. ஆலங்காயத்து மலைகளிலோ மேற்பரப்புக் குழம்பே எஞ்சவில்லை. இங்கு உயரத்தைக் கூறும் குமிழி இல்லை, தேய்வைக் கூறும் வேர்க்கல் மட்டும் உண்டு.

தேய்ந்த மலை எங்கே போயிற்று? பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், செங்கண்மாவை ஆண்ட நன்னனின் நாட்டைப் பாடியவர். செங்கண்மா என்பது சவ்வாது மலையின் தென்புறத்துச் செங்கம் என்பர். மலையில் பிறக்கும் ஓசைகளை யானையின் மதத்தோடு ஒப்பிட்டு நூலுக்கே பெயராக்கிய அப்புலவர், அருவி ஓசையையும் அவற்றுள் கேட்டார். கல்லை மணலாக்கும் ஓசையும் அதுவே. அவர் பாடிய சேயாறு இன்றைய செய்யாறு. அது சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கிறது. மலையிலிருந்து அது கொணரும் மணல் பாலாற்றின் வழியே வங்கக் கடலுக்குச் செல்கிறது.