ஜிம்னியின் கடைசிப் பக்கம்: ஓர் உரை

கார் விளம்பரப் புத்தகத்தின் முன்பக்கங்களில் மலை இருக்கும், ஓடை இருக்கும், கூடாரத்தின் பக்கத்தில் நெருப்பு மூட்டிக்கொண்டு நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் வெறும் எண்கள். முன்பக்கங்களை விளம்பரக்காரரும் கடைசிப் பக்கத்தைப் பொறியாளரும் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால், மலையேறவும் கூடாரம் போட்டுத் தங்கவும் வண்டி தேடுகிறவர் எதை நம்ப வேண்டும் என்பது விளங்கிவிடும்.

மாருதி சுசுகி 2023 ஜூனில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐந்து கதவு ஜிம்னியின் கடைசிப் பக்கத்தை இங்கே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். இதுவே சிறந்த வண்டி என்று சொல்வதற்காக அல்ல. ஒரு மலை வண்டியின் பலமும் பலவீனமும் இந்தப் பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் கிடக்கின்றன என்பதே காரணம். வாசிக்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும்: இந்த எண்கள் பெரும்பாலும் காலி வண்டிக்குச் சொன்னவை. மலைக்கு யாரும் காலி வண்டியில் போவதில்லை.

“நீளம் 3985 மி.மீ., அகலம் 1645 மி.மீ., உயரம் 1720 மி.மீ.”

மூன்றில் நடுவில் இருப்பதே மலைக்கு உரிய எண். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. அங்கே எதிரே இறங்கிவரும் அரசுப் பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது ஓரத்துக் கல்லை ஒட்டிய இடம்தான். இன்றைய பெரிய எஸ்யூவிகள் 1800 மி.மீ.க்கு மேல் அகலம். ஜிம்னி அவற்றைவிட ஒரு சாண் ஒல்லி. இந்த அளவில் பக்கக் கண்ணாடிகள் சேராது என்பதையும் கணக்கில் கொள்க. உயரம் பற்றிப் பிறகு, கூரைச் சுமை வரும்போது.

“கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ.”

ஷோரூமில் முதலில் காதில் விழும் எண் இதுதான். தரைக்கும் வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி. ஆனால் அந்தத் தாழ்ந்த இடம் எது என்று விற்பனையாளரைக் கேட்பவர் குறைவு.

சாதாரணக் காரிலும் பெரும்பாலான எஸ்யூவிகளிலும் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் தொங்குகின்றன. அடியில் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் உடலோடு சேர்ந்த ஏதாவது ஒரு பாகம். ஆளும் மூட்டையும் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கும், உடல் இறங்கும், அதோடு கிரவுண்ட் கிளியரன்ஸும் குறையும். அதனால்தான் காலி வண்டிக்கு அளந்ததா, சுமை ஏற்றி அளந்ததா என்று கேட்டுப் பார்ப்பது. ஜிம்னியிலோ முன்னும் பின்னும் ஒரே இரும்பு அச்சு; டிஃபரென்ஷியல் உருண்டை அந்த அச்சிலேயே இருக்கிறது. எவ்வளவு சுமை ஏற்றினாலும், டயர் நசுங்கும் அளவைத் தவிர, அந்த உருண்டை தரையை நோக்கி இறங்காது. உடல் மட்டும் இறங்கும். ஆக 210 என்பது இங்கே பெருமளவுக்குச் சுமையோடும் நிற்கிற எண். இதே அச்சுதான் நல்ல சாலையில் வண்டியைக் குலுங்க வைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து போடி வரை பின் இருக்கையில் உட்கார்ந்து வருபவருக்கு 210 மி.மீ. மேல் பெரிய மரியாதை இருக்காது.

“முன்கோணம் 36 டிகிரி, நடுக்கோணம் 24 டிகிரி”

முன்கோணம் என்பது மூக்கு இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறத் தொடங்கலாம் என்பது. நடுக்கோணம், மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருப்பதற்கு. மூன்று கதவு ஜிம்னிக்கு நடுக்கோணம் 28. ஐந்து கதவுக்காக அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 2250-லிருந்து 2590 மி.மீ.க்கு நீட்டியதும் நாலு டிகிரி போய்விட்டது. பின்கதவு வசதிக்குக் கொடுத்த விலை அது. எனக்கு அந்த விலை சரியென்றே படுகிறது. குடும்பமாகப் போகிறவர்கள் பின் இருக்கைக்கு முன்கதவு வழியாக நுழைந்து சோர்வதைவிட இது மேல்.

“1462 சிசி பெட்ரோல், ஏறக்குறைய 103 குதிரைத்திறன், 4000 சுற்றில் 134 நியூட்டன் மீட்டர்”

டர்போ இல்லாத எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு என்ற கணக்கில் சக்தியும் குறையும். ஊட்டி 2240 மீட்டர். அங்கே 103 என்பது 80-ஐ ஒட்டி நிற்கும். முழு இழுவை 4000 சுற்றில்தான் வருகிறது என்பதும் ஏறுமுகத்தில் கவனிக்க வேண்டியது: கொண்டை ஊசியில் சுற்று விழுந்தால் வண்டி முனகும், கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட வேண்டும். மகிந்திரா தாரின் 2.2 லிட்டர் டீசலில் 300 நியூட்டன் மீட்டர் 1600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. டர்போ இருப்பதால் உயரமும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஏற்றத்தில் நிதானமாகப் போக விரும்புகிறவருக்கு இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் நாலே நாலு. நெடுஞ்சாலையில் அது பழைய காலத்து வண்டி.

“ஆல்கிரிப் ப்ரோ ஃபோர் வீல் டிரைவ், ஃபோர் லோ கியருடன்”

விலையில் பெரும்பங்கு இந்த வரிக்குப் போகிறது. ஆகவே நின்று படிப்போம்.

வழக்கமாக வண்டி பின்சக்கரங்களால் ஓடுகிறது. ‘ஃபோர் ஹை’க்கு மாற்றினால் நாலு சக்கரமும் இழுக்கும். ‘ஃபோர் லோ’வில் பற்சக்கர விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது: வேகம் பாதி, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை இரு மடங்கு. 134 நியூட்டன் மீட்டர் என்று மேலே குறைப்பட்டோமே, அதற்கு ஈடு இங்கே இருக்கிறது. இறக்கத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பட்டைகள் சூடேறிப் பிடிமானம் போகும். ஃபோர் லோவில் முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடத்திச் செல்லும்.

காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் அவை வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது, இழுவிசை முழுவதும் பற்சக்கரங்கள்மேல் ஏறும்.

இனி, இது நமக்கு வேண்டுமா என்ற கேள்வி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைய முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில் இத்தகைய பாதைகளின் தொடக்கம் ஊரையோ வனச் சோதனைச் சாவடியையோ ஒட்டியே இருக்கிறது. அதுவரை ஒரு ஸ்விஃப்ட் போகும். காப்புக்காட்டுக்குள் சொந்த வண்டியை இறக்கித் தடம் போடுவது சாகசக் கணக்கில் சேராது, குற்றக் கணக்கில் சேரும். கொழுக்குமலை போன்ற கரடான ஏற்றத்துக்குச் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிற உள்ளூர்க்காரர் இருக்கிறார். அந்தக் கல்லொவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எனவே ஃபோர் வீல் யாருக்கு என்றால், எஸ்டேட் பாதையில், தனியார் தோட்டத்து முகாமில், மழைக்காலத்து மண்சாலையில் அடிக்கடி தங்கப் போகிறவருக்கு. வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் நல்ல கூடாரத்துக்கும் கொடுக்கலாம்.

“டயர் 195/80 ஆர்15”

195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம், விழுக்காட்டில்: 156 மி.மீ. ரப்பர். பளபளப்பான எஸ்யூவி ஒன்றின் 215/60 ஆர்17 டயரில் அது 129 மட்டுமே. விளம்பரத்தில் பெரிய சக்கரம் அழகு. கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற ரப்பர்தான் காப்பு. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சேற்றிலும் மணலிலும் டயர் பரந்து பிடிக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு மின் பம்ப் வண்டியில் இருக்க வேண்டும்.

ஸ்டெப்னி முழு அளவில் பின்கதவில் தொங்குகிறது. 2020-ல் வந்த விதித்திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் ஸ்டெப்னியே இல்லாமல் வண்டியை விற்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் பசை எதற்கும் உதவாது. ஸ்டெப்னி இல்லாத காரை மலைக்காக வாங்க வேண்டாம்.

“இருக்கை 4 பேர், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ”

பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில் கிடக்கிற இந்த வரிதான் இந்தப் பாடத்தின் உயிர். யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எரிபொருளோடு காலி வண்டியின் எடை ஏறக்குறைய 1200 கிலோ. 1545-ல் அதைக் கழித்தால் 345. தலைக்கு 70 கிலோ என்று நாலு பேர் ஏறினால் 280. மிச்சம் 65 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்தால் 45. நாலு முதுகுப்பை, ஒவ்வொன்றும் 12 கிலோ என்றாலே 48 ஆகிவிட்டது. கூடாரம், ஸ்டவ், அரிசி, கயிறு எல்லாம் இன்னும் வாசலிலேயே இருக்கின்றன.

வண்டி அதற்காக நின்றுவிடாது, ஓடும். ஆனால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறும், கொண்டை ஊசியில் கிளட்ச் நாறும், பின் ஸ்பிரிங் அமுங்கி முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஏழு இருக்கை வண்டிக்கும் இதே கணக்குத்தான்: ஏழு பேர் ஏறியபின் மூட்டைக்கு மிஞ்சுவது பல வண்டிகளில் சங்கடமான அளவே. எந்தக் காரின் கடைசிப் பக்கத்திலும் இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடித்துக் கழித்துப் பார்த்துவிட்டு மேலே உள்ளதைப் படிக்கலாம். கழித்துப் பார்த்தவருக்கு ஜிம்னி இருவரின் முகாம் வண்டி. மூவர் என்றால் நெருக்கியடித்து.

“டிக்கி 208 லிட்டர், பின் இருக்கை மடித்தால் 332”

அறுபது லிட்டர் முதுகுப்பை நாலு என்றால் 240. மேலே சொன்ன தீர்ப்பையே இந்த வரியும் சொல்கிறது.

இருவர் மட்டும் போனால் கதை வேறு. முன் இருக்கையின் தலைப்பகுதியைக் கழற்றிச் சாய்த்தால் பின் இருக்கையோடு ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும், படுக்கலாம். கூடலூரிலிருந்து மைசூர் போகும் முதுமலை, பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்; பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கு ஊர் திரும்பி அறை கிடைக்காவிட்டால் வண்டிதான் படுக்கை. படுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட வேண்டாம். கண்ணாடியை இரு பக்கமும் விரலளவு இறக்கி வைக்கவும். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பது உயிரைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கூடாரத்துக்கும் இதே எச்சரிக்கை.

“பெட்ரோல் டாங்க் 40 லிட்டர், மைலேஜ் 16.94”

பெருக்கினால் 677 கி.மீ. ஆய்வுக்கூடத்து உருளைமேல் ஓடி வந்த மைலேஜ் அது. மலைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். மேகமலைக்குப் போகிறவர் சின்னமனூர் பங்க்கிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளட்டும்.

பாடத்தில் இல்லாத வரி

எவ்வளவு ஆழமான தண்ணீரில் இறங்கலாம் என்ற எண்ணைத் தேடுக. தார் 650 மி.மீ. என்கிறது, ஃபோர்ஸ் கூர்க்கா 700. அந்த எண் இல்லாத வண்டியை முழங்கால் தண்ணீரில் இறக்க வேண்டாம். எண் உள்ள வண்டிக்கும் அது நிற்கும் நீருக்கே. ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய காரை நகர்த்தும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. உறிஞ்சிய நீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும்.

“படத்தில் காட்டியுள்ள துணைப்பொருள்கள் வண்டியோடு சேர்ந்தவை அல்ல”

எல்லாப் புத்தகத்திலும் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இருக்கும் அடிக்குறிப்பு. படத்திலிருந்த கூரைச் சட்டத்தை வாங்கி மூட்டையை மேலே கட்டினால், அந்த எடையும் 1545-க்குள்தான் அடங்க வேண்டும். அகலம் 1645, உயரம் 1720: அகலத்தைவிட உயரமான வண்டியில் தலைச்சுமை ஏறினால் வளைவில் சாய்வு கூடும். கூரைக்கென்று கைநூலில் தனி வரம்பு உண்டு; பார்த்துக்கொள்ளவும். மேலே உறங்குபை போன்ற பஞ்சுச் சாமான்கள், கீழே தண்ணீரும் ஸ்டவ்வும். முன்னால் மாட்டும் இரும்புக் காப்பை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடைசெய்துவிட்டது. நடந்துபோகிறவர்மேல் மோதினால் காயம் பெரிதாகும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதும் கெடும். ஆனாலும் கடைகளில் விற்கிறார்கள்.

அந்தப் பணத்துக்கு இழுவைக் கயிறு, இரண்டு கொக்கி, மடிக்கிற மண்வெட்டி, தலையில் மாட்டும் விளக்கு வந்துவிடும். வண்டியோடு தரும் ஜாக்கி கெட்டித் தரைக்கானது. ஈரமண்ணில் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் புதையும். அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்று போதும், மரக்கடையில் அறுத்துத் தருவார்கள்.