வருதலும் தருதலும்: திசை காட்டும் சொற்களின் சரித்திரம்

ஆங்கிலத்தின் பழைய நூல்களைப் படிக்கப் புகும் நம்மவர்க்கு ‘ஹிதர்’, ‘திதர்’, ‘விதர்’ என்னும் மூன்று சொற்களும், அவற்றின் துணையாக ‘ஹென்ஸ்’, ‘தென்ஸ்’, ‘வென்ஸ்’ என்னும் மூன்றும் அடிக்கடி எதிர்ப்படும். இவன், அது, யார் என்னும் பொருளுடைய பெயர்ச்சொற்களின் அடியிலிருந்தே இவை கிளைத்தன. முதல் மூன்றும் இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி என்றும், பின் மூன்றும் அவ்வவ்விடத்தினின்று நீங்கி என்றும் பொருள்பட்டு, போக்குவரவைக் கூறும் வினைகளின் அருகில் நின்று திசை காட்டின. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இவை உயிரோடு உலவக் காண்கிறோம். இன்றோ, ஹென்ஸ் என்பது ‘ஆதலால்’ என்னும் பொருளில் எஞ்சியிருப்பது நீங்கலாக, அனைத்தும் பேச்சினின்று விலகிவிட்டன. இருப்பையும் வருகையையும் ‘ஹியர்’ என்ற ஒரே சொல் தாங்குகிறது. இச்சரித்திரத்தை நினைக்குந்தோறும், இதே விஷயத்தைத் தமிழ் எவ்வாறு நடத்திற்று என்ற வினா என் மனத்தில் எழும். தமிழ் திசையை வினையடைக்குள் வைத்ததோடு அமையாமல் வினைக்குள்ளேயே வைத்தது என்பதும், அவ்வினை தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தோடும் பிணிக்கப்பட்டிருந்தது என்பதும், அப்பிணிப்புக் காலப்போக்கில் ஒருபுறம் தளர்ந்து ஒருபுறம் இறுகி நிற்கிறது என்பதுமே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவன.

அ, இ, உ என்னும் மூன்று சுட்டெழுத்துகளும் எகர வினாவும் நம் பாஷையில் எத்துணை வேலை செய்கின்றன என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விரித்துக் காட்டினார். இவன், இது, இங்கு, இப்படி என ஒரே அடியிலிருந்து பெயரும் வினையடையும் பிறக்கின்றன. நடுவில் நின்ற உகரச் சுட்டு நம் நாட்டுப் பேச்சில் மறைந்தது. யாழ்ப்பாணத்தாரோ ‘உவன்’, ‘உது’, ‘உங்கை’ என்று இன்றும் வழங்குகின்றனர்.

இனி வினைக்கு வருவோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, தருசொல்லும் வருசொல்லும் தன்மை முன்னிலைகளுக்கும், மற்றை இரண்டும் படர்க்கைக்கும் உரியன என்று விதிக்கிறார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான், அவனிடம் சென்றான். இங்கு இடம் என்பது செய்பவனைப் பற்றியதன்று, சென்று சேரும் எல்லையைப் பற்றியது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பேசுவோனும் கேட்போனும் ஓர் எல்லைக்குள் அமர்ந்திருக்க, ஏனைய உலகமெல்லாம் புறத்தே கிடக்கிறது என்பதே இவ்விதியின் அடிப்படை. அதனாலன்றோ உங்கள் வீட்டுக்கு ‘நாளை வருகிறேன்’ என்கிறோம். ‘நாளை போகிறேன்’ என்றால் கேட்பவர் முகம் கோணும்.

வா, தா என்னும் இவ்விரண்டும் உடன்பிறந்தவை என்பது அவற்றின் உருவத்திலேயே பிரத்தியட்சம். வருவான், தருவான், வந்தான், தந்தான், வாரான், தாரான் என்று அடிக்கு அடி ஒத்து நடக்கின்றன. ஒன்று தானே இவ்விடம் நோக்கி இயங்குவது. மற்றொன்று பொருளை இவ்விடம் நோக்கி இயக்குவது. வெட்சித் திணையில் பகைவர் ஆநிரையைக் கவர்ந்து தம்மூர்க்குக் கொணர்வதைத் ‘தருதல்’ என்றே பழையோர் கூறியதற்கு இதுவே காரணம்; அங்கே தானம் எதுவும் இல்லை, திசை மட்டுமே உண்டு.

இத்திசைப் பொருள் எவ்வளவு நுட்பமாகச் செயற்பட்டது என்பதை அறிய ஸ்ரீவில்லிபுத்தூரைவிடத் தக்க ஸ்தலம் எனக்குத் தோன்றவில்லை. 8, 9ஆம் நூற்றாண்டினள் என்று அறிஞர் பலர் கருதும் அவ்வூர் ஆண்டாள், திருப்பாவையின் முப்பது பாசுரங்களில், போதல் என்னும் வினையையும் அதன் கிளையாகிய ‘போது’, ‘போதரு’ என்னும் வினைகளையும் மாறிமாறி ஆள்கிறாள். 15ஆம் பாசுரம் வாசலில் நிற்கும் தோழியர்க்கும் உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கும் நிகழும் உரையாடல். உள்ளிருப்பவள் தான் எழுந்து வெளியே வருவதைச் சொல்லுமிடத்துப் ‘போதருகின்றேன்’ என்கிறாள். போதல் மட்டுமாயின் அது எத்திசையிலும் ஆகலாம். அதன்மேல் ‘தரு’ ஏறியவுடனே அவ்வியக்கம் கேட்போரை நோக்கித் திரும்பிவிடுகிறது. தொல்காப்பியர் தருசொல்லை முன்னிலைக்கு உரியதாக்கிய விதி, கொடுத்தல் என்ற பொருள் ஒரு சிறிதும் இல்லாத இடத்திலும், துணைவினையின் உருவில் நின்று தன் கடமையைச் செய்வதை இதனினும் தெளிவாகக் காட்டும் பிரயோகத்தை நான் கண்டதில்லை. 23ஆம் பாசுரத்தில் கண்ணனை அவனது கோயிலினின்று அழைக்குமிடத்து வேறொரு வழியைக் கையாளுகிறாள். அங்கே ‘போந்து’ என்னும் எச்சத்தின் முன்னே ‘இங்ஙனே’ என்னும் வினையடை நிற்கிறது. இகரச் சுட்டே திசையை ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ஹிதர் செய்த வேலையை இங்ஙனே செய்கிறது என்றால் மிகையாகாது. ஆக, வினைக்குள் திசையை வைப்பதும், வினைக்கு முன் சுட்டை வைப்பதும் ஒரே நூலில் அருகருகே விளங்குகின்றன.

13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றியபோது நிலைமை மாறிவிட்டது. பொதுவியலில் இந்நான்கு சொற்களையும் எடுத்துக்கொண்ட அவர், நான்குமே படர்க்கையைச் சாரும் என்றும், தரலும் வரலும் எஞ்சிய இரண்டு இடங்களையும் ஏற்கும் என்றும் கூறினார். பழைய வேலியில் ஒரு பக்கம் திறந்துவிட்டது. ‘அவனுக்குத் தந்தான்’ என்பதற்கு இலக்கணத்தின் அனுமதி கிடைத்தது. மறுபக்கத்துத் தளர்ச்சிக்கு வித்து தொல்காப்பியத்திலேயே இருந்தது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்று என்று எச்சவியலில் வகுத்த ஆசிரியர், படர்க்கைக்குரிய கொடு என்பது உயர்ந்தோன் வாயில் எவ்வாறு தன்மைக்கு வந்தது என்னும் ஆட்சேபத்தை எதிர்நோக்கி, அவன் தன்னையே பிறன்போலக் கூறும் குறிப்பு அது என்று சமாதானம் சொன்னார். அழகிய சமாதானம், மனித சுபாவத்தை அறிந்தவரின் சொல். அந்த விலக்கே பிற்காலத்தில் பொதுவழக்காயிற்று. இன்று ‘எனக்குக் குடு’ என்பவர் எவரும் தம்மை உயர்ந்தோராகக் கருதிச் சொல்லுவதில்லை.

1945இல் எமனோ என்னும் அறிஞர் ‘லாங்குவேஜ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில், திராவிட பாஷைகளில் வருதல், கொடுத்தல் என்னும் வினைகளைப் பற்றி ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். சேர்விடம் தன்மை முன்னிலையா, படர்க்கையா என்பதற்கேற்ப வினை வேறுபடும் வழக்கம் தமிழ் இலக்கணிகள் புனைந்த கற்பனையன்று, அக்குடும்பத்தின் பழஞ்சொத்து என்பது அதனால் விளங்கிற்று. மலையாளிகள் எனிக்குத் ‘தரு’, அவனுக்குக் ‘கொடுக்கு’ என்று இன்றும் பிரித்தே பேசுகின்றனர். கன்னடத்தில் தா என்றால் ‘கொண்டு வா’ என்றே பொருள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் ராஜபாளையம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர் அது. தெலுங்கில் எனக்கும் உனக்கும் அவனுக்கும் கொடுப்பது யாவும் ‘இச்சு’ என்னும் ஒரே வினை. தமிழில் இழிந்தோன் கூற்றாக ஒடுங்கி, பின் ஈகை, ஈதல் என்று ஏட்டோடு நின்றுவிட்ட ‘ஈ’யின் சகோதரம் அது. நம் ‘தரு’வின் சகோதரமாகிய ‘தெச்சு’ அங்கே கொணர்தல் என்று பொருள்பட்டு, தானத்தைக் கைவிட்டுத் திசையை மட்டும் காத்து நிற்கிறது. வெட்சி வீரரின் தருதலுக்கு நம் அகராதியைவிடத் தெலுங்கின் பேச்சு அணித்தாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தென்பாண்டிப் பேச்சில் ‘தா’ இன்னும் முழு வலிமையோடு இருக்கிறது. ஆண்டாள் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு பால்கோவாக் கடையில் ஒருநாள் நின்றிருந்தேன். மூதாட்டி ஒருத்தி பேரனோடு வந்து, “அண்ணாச்சி, எனக்குக் கால்கிலோ தாங்க” என்றாள். கடைக்காரர் பொட்டலம் கட்டி நீட்டியபோது, “பைய அவன் கையில குடுங்க” என்று சிறுவனைக் காட்டினாள். சில்லறை இல்லை, “நாளைக்குத் தாரேன் ஆச்சி” என்றார் அவர். “சரி, வாரேன்” என்று சொல்லிவிட்டு, அவள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தேர்முட்டிப் பக்கமாகப் போனாள்.