சோழகமும் கட்டுமரமும்: முல்லைத்தீவுக் கரையின் பழைய கடற்தொழில்

சுண்டிக்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை முல்லைத்தீவுக் கடலோரம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோழகம் தென்மேற்கிலிருந்து வன்னிக் காட்டைக் கடந்து வந்து, இந்தக் கரையை ஏறக்குறையக் குறுக்காகத் தாண்டிக் கடலில் இறங்குகிறது. அந்த மாதங்களில் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ்; வங்கக் கடலின் அலை நேராகக் கரையில் வந்து அறையும். எந்த மாதம் கலம் இறக்குவது, எங்கே வாடி (மீனவரின் தற்காலிகக் குடில்) போடுவது என்பதெல்லாம் இந்த இரண்டு காற்றுகளைப் பார்த்தே முடிவாயின.

சோழகத்தில் மன்னார், சிலாபம், நீர்கொழும்புக் கடல் கொந்தளிக்கும். அதனால் மேற்குக் கரையாரும் யாழ்ப்பாணத்துக் கரையூர்க்காரரும் கிழக்கே வந்து, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கிடுகு வாடி அடித்துத் தங்கினர். வலை முதலாளிகளான சம்மாட்டிமாரின் கரைவலைகளுக்கும் அதுவே காலம். அரசியல் வரலாற்றிலும் இந்தக் கடல்வழி ஒருமுறை தலைகாட்டுகிறது. 1803 ஆகஸ்டில் வன்னியின் சிற்றரசன் பண்டார வன்னியன் முல்லைத்தீவைத் தாக்கியபோது, அங்கிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. ஆகஸ்ட் சோழக மாதம். கரையை அண்டிப் போகிறவர்களுக்கு அலைத்தொல்லை குறைவு.

கட்டுமரம் இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கலம். அதற்கு உள்கூடு இல்லை; ஏறிய தண்ணீர் இடுக்குகளால் வழிந்துவிடும். ஆகவே மூழ்குவதற்கு வழியில்லை, கவிழ்வதற்குத்தான் உண்டு. தொழில் முடிந்ததும் கட்டவிழ்த்து மணலில் காயவிடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் பாரமாகித் துடுப்புக்கு இசையாது. ஓட்டுபவர் குதிகாலில் அமர்ந்து, முழங்கால் மடக்கித் துடுப்பு வலிப்பார். புதிதாக ஏறுபவருக்கு முதற்பாடம் கையில் அல்ல, இடுப்பில். உடலின் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மரமும் சாயும்.

பங்குனி, சித்திரையில் பருவக்காற்று ஓய்ந்திருக்கும்போது விடியற்காலைக் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியேறி, பிற்பகல் கடற்காற்றில் திரும்பலாம். போக்கும் வரவும் காற்றின் முதுகில். சோழகம் பலத்துவிட்டால் அந்த வசதி போய்விடும். கரையிலிருந்து பார்க்கக் கடல் சாதுவாக இருக்கும். ஆனால் காற்று ஓடிவந்த தூரம் கூடக்கூட அலையும் பெருக்கும். வெளியே போகும்போது எல்லாம் இலகு, திரும்பும்போதுதான் முழுப் பாடும்.

காற்றோடு போவதையே இன்று விளையாட்டாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மிதவைப் பலகையில் நின்றபடி துடுப்பு வலித்துக் காற்றின் திசையிலேயே அதை விடும் விளையாட்டு 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஹவாயிலிருந்து பரவியது. பின்னாலிருந்து வரும் அலைமேடு பலகையின் வாலைத் தூக்கும் கணத்தில் சில வேகமான வலிப்புகள் போட்டு அதன் சரிவில் வழுக்குவதே அதன் நுட்பம். முதல் நாளில் தொடக்கநிலையாளர் அலையைத் துரத்திக் களைத்து, மீண்டும் மீண்டும் விழுவது வழக்கம். மாவித் தீவின் மாலிகோவிலிருந்து ககுலுயி வரையான புகழ்பெற்ற வழியில் காற்று கரைக்கு ஏறக்குறைய இணையாக வீசுகிறது. விழுந்தவரும் கரையோரமாகவே தள்ளப்படுவார். முல்லைத்தீவில் சோழகத்தோடு போகிறவருக்கு முன்னால் வங்கக் கடல்தான். இந்தக் கரைக்கு அந்த விளையாட்டு பொருந்துமா என்பதைப் பலகையை விடக் கரையின் சாய்வே தீர்மானிக்கும்.

1960களின் இறுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத்தளமும் வெளியிணைப்பு இயந்திரங்களும் வடக்குக்குக் கண்ணாடியிழைப் படகைக் கொண்டுவந்தன. 1990களின் போர்க்கால எரிபொருள் தடையும் கடற்கட்டுப்பாடும் துடுப்பையும் பாயையும் மறுபடி தேவையாக்கின. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையும் கரையிலிருந்த கலங்களையும் வாரிச் சென்றது; அதன்பின் நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் இயந்திரப் படகுகளே. 2009இல் போர் முடிந்து மீனவர் திரும்பியபோது கட்டுமரம் ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்டிருந்தது. ஆயினும் தென்னிலங்கைத் தொழிலாளர் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வருவது இன்றும் சோழகக் கணக்கில்தான். அவர்களின் தொகையும் அனுமதியும் உள்ளூர் மீனவரின் தீராத முறைப்பாடாக நீடிக்கின்றன.