ஒரு கோடி பவுண்டுக்கு ஒரு பழைய கார்!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போவார். மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறப்பார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். கதவோரத்து ரப்பரை விலக்கிப் பார்ப்பார். உள்ளே பெயின்ட் வேறு நிறத்தில் இருந்தால் வண்டி எங்கேயோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்! கடைசியாக ஆர்.சி. புக்கை வாங்கி, அதில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பார். பிறகு, வாங்குகிறவரை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு ஒரு தொகையைச் சொல்வார். ‘இதுக்கு மேல ஒரு ரூபாகூட தராதீங்க சார்!’

1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில், கிட்டத்தட்ட இதே மெக்கானிக் வேலையை ஒரு நீதிபதி செய்ய வேண்டி வந்தது. அவர் எதிரே இருந்த வண்டிக்கு வயது அறுபதுக்கும் மேல். பேசிய விலை ஒரு கோடி பவுண்டு!

அது பென்ட்லி ‘ஸ்பீட் சிக்ஸ்’ ஸ்போர்ட்ஸ் கார். செல்லப் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’.

*

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் 1923 முதல் ஒரு கார் பந்தயம் நடக்கிறது. சனிக்கிழமை மாலை கிளம்பினால் ஞாயிறு மாலை வரை, 24 மணி நேரமும் ஓட்டவேண்டும். வேகம் மட்டும் இருந்தால் போதாது. வண்டி உடையாமல் தாங்கவும் வேண்டும். அன்றைய கார்களுக்கு இதைவிடக் கொடுமையான பரீட்சை கிடையாது.

1929-ல் அந்தப் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி கார்களே பிடித்தன. முதலில் வந்த வண்டியின் மேல் எழுதியிருந்த எண்: 1. ஓட்டியவர்கள் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும். மறுவருடம், 1930-ல், அதே கார் மறுபடியும் ஜெயித்தது. இந்தத் தடவை பர்னாட்டோவுடன் ஓட்டியவர் கிளென் கிட்ஸ்டன்.

பர்னாட்டோ பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் கோடி கோடியாகக் குவித்த பார்னி பர்னாட்டோவின் மகன். பென்ட்லி கம்பெனி பணமுடையில் தள்ளாடியபோது அதில் பணம் போட்டுக் கைதூக்கிவிட்ட முதலாளியும் இவரே. ‘முதலாளி பிள்ளைதானே, பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறார்’ என்று நினைத்துவிடாதீர்கள். லெ மானில் மூன்றே தடவைதான் கலந்துகொண்டார். மூன்று தடவையும் ஜெயித்தார்!

அவர் பணமும் கம்பெனியைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. 1931-ல் பென்ட்லி கடனில் மூழ்கி, ரோல்ஸ் ராய்ஸ் வசம் போனது. ஆனால், ‘ஓல்ட் நம்பர் ஒன்’ ஓய்வெடுக்கவில்லை. இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு பந்தயப் பாதை இருந்தது. வளைவுகளில் கான்கிரீட் தளத்தைக் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சரிவாக உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அங்கே 1931-ல் நடந்த 500 மைல் பந்தயத்தில், ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் ஓட்ட, இதே வண்டிதான் முதலில் வந்தது.

அடுத்த வருடமும் அதே பந்தயம். இன்னும் வேகம் வேண்டும் என்று பழைய எஞ்சினை எடுத்துவிட்டு 8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். ஜாக் டன்ஃபீயும் அவர் தம்பி கிளைவும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு. 1932 செப்டம்பர் 24... கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி சரிவின் உச்சி விளிம்பைத் தாண்டி, அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. கிளைவ் அங்கேயே இறந்துபோனார்.

பர்னாட்டோ அந்த வண்டியை விட்டுவிடவில்லை. சிதைந்ததைச் சரிசெய்து, மேலே கூரையோடு புது பாடி கட்டி, சாலையில் ஓட்டுகிற காராக மாற்றிக்கொண்டார். அதன்பின் அது கைமாறிக் கைமாறி, கடைசியில் ஹப்பர்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தது.

*

இப்போது 1980-களின் கடைசிக்கு வருவோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பேய் பிடித்த மாதிரி விலை ஏறிய காலம் அது. 1987 அக்டோபரில் உலகம் முழுக்கப் பங்குச் சந்தை விழுந்தது. ‘காகிதத்தை நம்பினால் இப்படித்தான், கையால் தொட்டுப் பார்க்கிற பொருளாக வாங்கிப் போடுவோம்’ என்று பணக்காரர்கள் கிளம்பினார்கள். அடுத்த மாதமே லண்டன் ஏலத்தில் ஒரு புகாட்டி ராயல் கார் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தார். ‘இனி அவர் கையால் வண்டி வராது’ என்ற பேச்சில் பழைய ஃபெராரிகள் எகிறின. இன்னொரு பக்கம் ஜப்பான். பங்கும் நிலமும் ஊதிப் பெருத்து, அந்தப் பணம் ஐரோப்பாவில் ஓவியங்களையும் கார்களையும் வாரிக்கொண்டிருந்தது.

விலை தினமும் ஏறுகிற சந்தையில் ஒரு வியாதி உண்டு. ‘இது என்ன பெறும்?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘அடுத்தவன் எனக்கு என்ன தருவான்?’ என்றுதான் கேட்பார்கள்.

இந்தச் சூழலில், ஜப்பானியப் பணத்தில் இங்கிலாந்தில் இயங்கிய மிடில்பிரிட்ஜ் ஸ்கிமிட்டர் என்ற நிறுவனம் ஹப்பர்டைத் தேடி வந்தது. 1990 ஏப்ரல் 7 அன்று பேரம் முடிந்தது: ஒரு கோடி பவுண்டு!

சந்தை அப்போதே காற்றுப் போக ஆரம்பித்திருந்தது. ஜப்பான் பங்குச் சந்தை 1989 டிசம்பரோடு உச்சத்தைத் தொட்டுவிட்டு, புது வருடம் பிறந்ததும் சரியத் தொடங்கிவிட்டது. மிடில்பிரிட்ஜ் கையை விரித்தது. ‘நாங்கள் வாங்க ஒப்புக்கொண்டது ஓல்ட் நம்பர் ஒன். இவர் தருவது அது இல்லை. வண்டி வேண்டாம்!’

ஹப்பர்ட் கோர்ட்டுக்குப் போனார்.

*

வழக்கு நீதிபதி ஆட்டன் முன்பு வந்தது. கார் சரித்திரம் படித்த நிபுணர்கள் கூண்டேறினார்கள். வண்டி நட்டு நட்டாக அலசப்பட்டது. 1929-ல் லெ மானில் ஜெயித்த காரிலிருந்து, இந்தக் காரில் மிச்சம் இருப்பவை என்னென்ன?

பெடல்களைத் தாங்கும் தண்டு. கியர் பாக்ஸின் வெளிக்கூடு. ஸ்டியரிங் தண்டு. அவ்வளவுதான்... மூன்றே அயிட்டங்கள்!

1930-ல் ஜெயித்த வண்டியிலிருந்து இன்னும் சில பாகங்கள் இருந்தன. மற்றதெல்லாம் 1932-ம் வருடத்துச் சமாசாரம், அல்லது அதற்கும் பிறகு சேர்ந்தது. பாடி வேறு, எஞ்சின் வேறு.

நம்ம மெக்கானிக் என்ன சொல்லியிருப்பார்? ‘சார், நம்பரே ஒத்துப்போகலை... வாங்க, கிளம்பலாம்!’

நீதிபதி அப்படிக் கிளம்பவில்லை. அவர் முதலில் செய்த காரியம், வார்த்தைகளைத் தனித்தனியாகப் பிரித்தது. 1929-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்தபடியே இந்த வண்டி இருக்கிறதா? இல்லை. அதனால் இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது. சரி, செத்துப்போன வண்டியின் பெயரைப் புதுசாகச் செய்த ஒன்றுக்குச் சூட்டிவிட்டார்களா? அதுவும் இல்லை. காரணம், இந்த வண்டி ஒரு நாளும் சாகவே இல்லை.

பிறகு காலக்கணக்கைப் பார்த்தார். 1929-லிருந்து 1932 வரை நான்கு சீசன் இடைவெளியே விடாமல் பந்தயத்தில் ஓடியிருக்கிறது. பந்தயக் கார் என்றால் பாகம் மாறத்தான் செய்யும். மாறாவிட்டால் அடுத்த பந்தயத்துக்குப் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாக வந்த பாகம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியோடு சேர்ந்து, அதில் ஒன்றாகிவிட்டது. மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று செய்த நாள் எது என்று யாராலும் காட்ட முடியவில்லை. ‘நான்தான் ஓல்ட் நம்பர் ஒன்’ என்று உரிமை கோர உலகத்தில் வேறு காரும் இல்லை.

கோயில் தேருக்கு அச்சு மாறும், சக்கரம் மாறும், மேலே மரச் சிற்பங்களும் மாறும். இருந்தாலும் அடுத்த வருடம் வடம் பிடிக்க வருகிறவர், ‘இது வேறு தேர்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவதில்லையே!

1990 ஜூலை 27 அன்று தீர்ப்பு வந்தது. விற்பனைக்கு வந்தது வெறும் உலோகம் மட்டுமல்ல, அதன் சரித்திரமும் புகழும் சேர்ந்துதான் என்றார் நீதிபதி. இந்தக் கார் தன்னை ஓல்ட் நம்பர் ஒன் என்று சொல்லிக்கொள்ளலாம். பேசிய பேரத்தை மிடில்பிரிட்ஜ் நிறைவேற்றியாக வேண்டும்!

*

இதில் கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கோடி பவுண்டு நியாயமான விலைதானா என்று நீதிபதி சொல்லவே இல்லை. அது அவர் வேலையும் இல்லை. ‘சொன்ன பொருள்தானா?’ என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னார். ‘சொன்ன விலை பெறுமா?’ என்பது முழுக்க முழுக்க வாங்குகிறவரின் தலைவலி. அந்தத் தலைவலிக்குச் சந்தை சீக்கிரமே பதில் சொன்னது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை அடுத்த இரண்டு வருடங்களில் சடசடவென்று விழுந்தது. மிடில்பிரிட்ஜ் ஸ்கிமிட்டர் நிறுவனம் அந்த 1990-லேயே நொடித்துப்போனது.

வியாபாரிகளும் ஏலக் கம்பெனிகளும் இந்தத் தீர்ப்பிலிருந்து கற்ற பாடத்தைப் பிற்பாடு நடந்த விற்பனைகளில் பார்க்கலாம். ஓர் உதாரணம்: ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962-ல் வந்தபோது விலை சுமார் 18,000 டாலர். மொத்தமே 36 வண்டிகள்தான் செய்தார்கள். 1960-களின் கடைசியில், ‘பந்தயத்துக்கு லாயக்கில்லாத பழைய வண்டி’ என்று சில ஆயிரம் டாலருக்குக்கூட அது கைமாறியிருக்கிறது. அதில் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 4 கோடியே 84 லட்சம் டாலர்!

அந்த வண்டியின் பாடியும் முதலில் இருந்த பாடி கிடையாது. 1964-லேயே மாற்றிவிட்டார்கள். ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. யார் மாற்றினார்கள், எப்போது, எதற்காக என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் பிறந்தபோது இருந்தவையே. யார் யாரிடம் இருந்தது, எந்தெந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதும் விட்டுப்போகாமல் பதிவாகியிருந்தது.

ஆகவே, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனால் (நமக்கு எங்கே சார் அதெல்லாம் என்கிறீர்களா... சரி, பழைய பைக் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!) மாறிய பாகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாறியதை மறைக்கிற ஆளைப் பார்த்துப் பயப்படுங்கள். நம்பர், பில், சர்வீஸ் ரசீது என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடிபட்டதா என்று கேட்டால் ‘ஆமாம், இன்ன வருஷம், இந்த இடத்தில்’ என்று பளிச்சென்று பதில் வருகிறதா பாருங்கள். அதேமாதிரி வண்டி சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்று விசாரியுங்கள். என்ன விலை சொன்னார்கள் என்பது வேறு கணக்கு, அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் விசாரித்த பிறகு, கடைசியாக ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கே இதை வாங்க ஒரு ஆள்கூட வராவிட்டாலும், கொடுத்த காசுக்கு வருத்தப்படாமல் இந்த வண்டியை வைத்துக்கொள்வேனா? ‘ஆமாம்’ என்று எந்தத் தொகைக்கு மனசு சொல்கிறதோ, அதற்கு மேல் ஒரு ரூபாகூட தராதீர்கள், சார்!