அறியப்படாத ஆசிரியரும் முதல் நாவலும்: வங்கக் கடலின் இரு கரைகள்

தமிழ் நாவலின் வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. நூலை எழுதி முடித்த ஒருவர், பெயர் அறியப்படாத நிலையில், அதனை வாசகரிடம் எவ்வாறு கொண்டு சேர்த்தார் என்னும் வினா அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. இவ்வினாவைத் தமிழகத்தையும் இரங்கூனையும் இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1879இல் அச்சேறிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுகிறது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீபாக விளங்கியவர். ‘நீதிநூல்’ முதலியவற்றால் முன்னரே அறிமுகமானவர். அவருக்குப் புதிதாக அறிமுகம் தேவைப்பட்டது தமக்கன்று, தாம் கையாண்ட இலக்கிய வகைக்கே. உரைநடையில் கதை நூல்கள் இல்லாத குறையை நீக்கவே எழுதியதாக அவர் முன்னுரையில் விளக்கியது இதனாலேயாம். வத்தலக்குண்டு இராஜம் ஐயரின் நிலை வேறு. 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் அவருடைய கதை தொடராக வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எனப் புகழ்பெற்ற அக்கதைக்கு வாசகரைத் தேடித் தந்தது ஆசிரியரின் பெயரன்று; இதழுக்கு ஏற்கெனவே இருந்த வாசகர் கூட்டமேயாகும். இதழ் என்பது அறியப்படாதவருக்குக் கிடைத்த கடன் பெயர் எனலாம்.

அக்கடனை வாங்காமல் இதழையே தமதாக்கிக் கொண்டவர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர், தம் முதல் நாடகமாகிய ‘இந்திர மோகனா’வைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதுவித்தார். 1925இல், நின்றுபோகும் நிலையில் இருந்த ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கி, அதில் ‘வைதேகி’ நாவலைத் தொடராக வெளியிட்டார். ஆசிரியரும் பதிப்பாளரும் விற்பனையாளரும் ஒருவரேயானமையால், பெண் எழுதலாகாது என்னும் ஏச்சு எழுந்தபோதும் அவருடைய எழுத்தை நிறுத்தும் அதிகாரம் பிறர் எவரிடமும் இல்லாதிருந்தது. அவருடைய நாவல்கள் நூற்றுப் பதினைந்து என்பர். அவ்வெண்ணிக்கையைத் தாங்கி நின்ற அடித்தளம், மாதந்தோறும் சந்தா செலுத்திய வாசகரே.

இத்தகைய வாசகர் தமிழகத்தில் மட்டும் இருந்தாரல்லர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இரங்கூனின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் தமிழர் கணிசமானோர்; செட்டியார் கடைகளின் கணக்கர் முதல் துறைமுகத் தொழிலாளர் வரை பலதரத்தினர். 1877இல் திறக்கப்பெற்ற இரங்கூன்–புரோம் இருப்புப் பாதையில் அமைந்த க்யிம்யிண்டைங், நகரின் மேற்கே லைங் ஆற்றங்கரையில் உள்ளது. நகரையும் உள்நாட்டையும் இணைக்கும் அவ்வழியில் பண்டங்கள் சென்றதைப் போலவே அச்சுத்தாளும் செல்ல இயலும். தேவைப்பட்டது அதனை ஏற்றி அனுப்பும் ஏற்பாடே. அதே நகரில்தான் 1904இல் ஜேம்ஸ் லா ஜோவின் முதல் பர்மிய நாவல் அச்சேறியது. அது, அலெக்சாந்தர் தூமாவின் பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவியது. புதிய வகைக்கு வாசகரைப் பழக்கும் பணி இரு மொழியினர்க்கும் பொதுவாயிருந்தமைக்கு இது சான்று.

இரங்கூனில் தமிழ் அச்சுக்கு இதழ்களே தாங்குதளமாயின. 1937 முதல் வெ. சாமிநாத சர்மா அங்கிருந்து ‘ஜோதி’யை நடத்தினார். 1941 டிசம்பரில் நகரின்மீது குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகர் ஜப்பானியர் வசமாயிற்று. இலட்சக்கணக்கான இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினர். சர்மாவும் மனைவியுடன் தரைவழியே நடந்து தாயகம் சேர்ந்தார். இதழ் நின்றது, வாசகர் சிதறினர். அந்நடைப்பயணத்தை அவர் பின்னர் நூலாக எழுதினார். ஏற்கெனவே அறியப்பட்ட எழுத்தாளராதலின் அவ்வனுபவத்துக்கு அச்சு வழி எளிதாயிற்று. உடன் நடந்தோருள் எழுத நினைத்த பெயரறியா ஒருவருக்கு, அவரை ஏந்திக்கொள்ள அங்கே இதழும் இல்லை, சந்தாதாரரும் இல்லை.

ஏந்துவாரின்றி ஒரு நாவல் என்னாகும் என்பதைப் ப. சிங்காரத்தின் வாழ்க்கை காட்டும். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளமையில் சுமத்திராவின் மேடானில் பணிசெய்தவர்; போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றினார். ‘கடலுக்கு அப்பால்’ எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்து, ‘கலைமகள்’ போட்டியில் பரிசு பெற்ற பின்னரே 1959இல் நூலாயிற்று. இந்திய தேசிய இராணுவ வீரனைத் தலைவனாகக் கொண்டது அது. அடுத்த நாவலாகிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் வெளிவந்தது. தம் நூலைத் தாமே முன்னிறுத்தும் இயல்பு அவருக்கில்லை. மதுரை விடுதி அறையில் தனித்து வாழ்ந்த அவர், அதன்பின் நாவல் எதுவும் வெளியிடவில்லை. இன்று தமிழ் நாவலின் உச்சங்களுள் ஒன்றாக மதிக்கப்படும் அப்படைப்பு, ஆசிரியர் முதுமையெய்திய பின்னரே பரவலாகக் கவனிக்கப்பட்டது.

கோதைநாயகிக்கும் சிங்காரத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு திறத்தின் வேறுபாடன்று, ஏந்துதளத்தின் வேறுபாடு. ஒருவர் அதனைத் தாமே அமைத்துக் கொண்டார். மற்றவர் போட்டி நடுவரின் கருணைக்கும் பதிப்பாளரின் துணிவுக்கும் காத்திருந்தார். தம் நூலைத் தாமே எடுத்துரைத்தலைத் தற்புகழ்ச்சி என ஒதுக்கும் மரபு நம்மிடையே உண்டு. ஆயினும் பிறரை அண்டியிராத குரல்கள் அச்சுக்கு வந்தது பெரும்பாலும் அவ்வழியேயாம். கடல்கடந்த தமிழ் எழுத்தை ஆராய்வோர் அச்சேறியவற்றை மட்டும் எண்ணாமல், எத்தகைய இதழும் கடையும் சந்தாவும் எவ்வூரில் எப்பொழுது இருந்தன, எப்பொழுது அழிந்தன என்பதையும் பதிந்து வைத்தல் வேண்டும். அப்பதிவில்தான் எழுதப்படாதவற்றுக்கான காரணமும் அடங்கியுள்ளது.